கடுக்காய்ச் சாற்றுக்கு எம்ஆர்எஸ்ஏ பிளேட்டில் 22 மி.மீ. வளையம்: மருந்துக்கு மாற்று என்று எழுதலாமா?

அகார்_வாசி:

வணக்கம் அனைவருக்கும். நான் நுண்ணுயிரியல் முதுகலை இறுதியாண்டு மாணவி. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் மீது மூலிகைச் சாறுகள் வேலை செய்கின்றனவா என்பதுதான் என் ப்ராஜெக்ட். கடுக்காய்த் தோல், நொச்சி இலை இரண்டையும் நிழலில் உலர்த்திப் பொடித்து எத்தனாலில் ஊறவைத்தேன். வடிகட்டி வற்றவைத்த பிசினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, ஒரு மில்லிக்கு 100 மி.கி. என்ற அளவில் வைத்திருக்கிறேன். பாக்டீரியா வளர்க்கும் முல்லர்-ஹிண்டன் அகாரில் 6 மி.மீ. குழி, குழிக்கு 50 மைக்ரோலிட்டர்.

எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) மீது கடுக்காய் 22 மி.மீ. அகலத்துக்குப் பாக்டீரியா வளராத வளையம் தந்தது, நொச்சி 11. அதே பிளேட்டில் வைத்த 5 மைக்ரோகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) ஆன்டிபயாட்டிக் டிஸ்க்கைச் சுற்றி 13 மி.மீ.தான். கார்பபெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத க்ளெப்சியெல்லா பாக்டீரியா மீது கடுக்காய்க்கு 9 மி.மீ., நொச்சிக்கு ஒன்றுமே இல்லை. டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றிய குழியைச் சுற்றி வளர்ச்சி தடைபடவில்லை.

சிப்ரோவை விடக் கடுக்காய் வலிமையானது, எம்ஆர்எஸ்ஏ-வுக்கு மாற்று மருந்தாகலாம் என்று முடிவுரையில் எழுதலாமா? க்ளெப்சியெல்லாவிடம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? எங்கள் வீட்டில் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எம்ஆர்எஸ்ஏ புண்ணோடு மாதக்கணக்கில் அவதிப்பட்டார். அதனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் கேட்கவில்லை. உண்மை நிலவரம் எனக்குத் தெரிய வேண்டும்.

---

அரை_மெக்ஃபார்லண்ட்:

மருத்துவமனை ஆய்வகத்தில், எந்தப் பாக்டீரியா எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டி பெஞ்சில் வேலை பார்க்கிறேன். வளையம் அளப்பதுதான் என் அன்றாடம். டிஎம்எஸ்ஓ கண்ட்ரோல் வைத்திருப்பது நல்லது, அதை விட்டுவிட்டு வருகிற அறிக்கைகள் நிறைய. ஆனால் 22-ஐயும் 13-ஐயும் பக்கத்தில் வைத்து ஒன்று மற்றதை விட வலிமையானது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

மில்லிக்கு 100 மி.கி. கரைசலில் 50 மைக்ரோலிட்டர் எடுத்தால் குழிக்குள் போயிருப்பது 5 மி.கி. டிஸ்க்கில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதுவும் உங்கள் ஸ்ட்ரெய்ன் சிப்ரோவுக்கு ஏற்கெனவே அடங்காதது: ஆய்வகத் தர அளவுகளை வகுக்கும் சிஎல்எஸ்ஐ அமைப்பின் அட்டவணைப்படி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு 15 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் எதிர்ப்பு. வேலை செய்யாத மருந்தோடு ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது. அந்த ஸ்ட்ரெய்ன் மீது வேலை செய்கிற மருந்து ஒன்றை வையுங்கள், லினசோலிட் டிஸ்க் போதும். வான்கோமைசின் டிஸ்க் மட்டும் வேண்டாம். அது பெரிய மூலக்கூறு, அகாரில் மெதுவாகப் பரவும். ஸ்டாஃபில் எது அடங்கும், எது அடங்காது என்று அந்த டிஸ்க்கால் பிரித்துக் காட்ட முடியாது. அதற்கு எம்ஐசி-தான் (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அடர்த்தி) பார்க்க வேண்டும்.

மூலிகைச் சாறுகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. வளையத்தின் அகலம் கொல்லும் வலிமையை மட்டும் சொல்வதில்லை, அந்தப் பொருள் ஈரமான அகாரில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நொச்சியில் எண்ணெய்ப்பசையான பொருட்கள் நிறைய. அவை குழியை விட்டு அதிகம் நகராது. ஆகவே உங்கள் 11 மி.மீ.-ஐ வைத்து நொச்சி பலவீனமானது என்றும் சொல்ல முடியாது, 22-ஐ வைத்துக் கடுக்காய் பலசாலி என்றும் சொல்ல முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மூலிகை ஆய்வில் வளையத்தை முதல் வடிகட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று வருகிற மாணவர்கள் எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து எம்ஐசி காண 96 குழி பிளேட்டில் பிராத் மைக்ரோடைலூஷன் செய்யுங்கள்: திரவ ஊடகத்தில் (பிராத்) சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்யும் முறை. 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவுகோல்) கலங்கல் என்றால் மில்லிக்கு ஏறக்குறைய 15 கோடி பாக்டீரியா. அதை நீர்க்கச் செய்து, குழியில் மில்லிக்கு 5 லட்சம் இருக்கும்படி கொண்டு வர வேண்டும். சாறு மேல்குழியில் மில்லிக்கு 2048 மைக்ரோகிராமில் தொடங்கி, பாதி பாதியாகக் குறைந்து போகட்டும். டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு, ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல்; அதற்கு மில்லிக்கு 100 மி.கி. போதாது, மூலக்கரைசல் இன்னும் அடர்த்தியாக வேண்டும். தரம் பார்க்கும் ஒப்பீட்டு ஸ்டாஃபான ஏடிசிசி 29213 கூடவே ஓட வேண்டும், க்ளெப்சியெல்லா பக்கத்துக்கு ஈ. கோலை ஏடிசிசி 25922. உங்கள் எம்ஆர்எஸ்ஏ உண்மையில் எம்ஆர்எஸ்ஏ-தானா என்பதை 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் டிஸ்க்கில் உறுதி செய்துகொள்ளுங்கள். 21 மி.மீ. அல்லது குறைவு என்றால் சரி.

வருகிற எண்ணை எப்படிப் பார்ப்பது? கச்சாச் சாற்றுக்கு எம்ஐசி மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் இத்துறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1000-ஐத் தாண்டினால் உடலுக்குள் செலுத்தும் மருந்தாக அதைத் தொடர்வதில் அர்த்தம் இல்லை. சாறு மில்லிக்கு 5 மி.கி. இருந்தால்தான் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அந்த அடர்த்தியைக் கொண்டுவர 25 கிராம் பிசின் ரத்தத்தில் கரைந்து நிற்க வேண்டும். வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போவது, ஈரல் சிதைப்பது, திசுக்களுக்குப் பரவுவது எதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஒப்பீட்டுக்கு: வான்கோமைசினுக்கு ஸ்டாஃப் அடங்குகிறது என்று சொல்ல எம்ஐசி 2 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

க்ளெப்சியெல்லா விஷயம் வேறு. அது கிராம்-நெகட்டிவ். வெளியே லிப்போபாலிசாக்கரைடு பூசிய இன்னொரு சவ்வு, அதில் போரின் என்ற புரதங்களால் ஆன குறுகலான வாசல்கள். அதையும் தாண்டி உள்ளே நுழைகிற பொருளை ஏசிஆர்ஏபி-டோல்சி போன்ற பம்புகள் பிடித்து வெளியே தள்ளிவிடும். தாவரப் பொருட்களில் பெரும்பாலானவை இந்த இரட்டைக் காவலில் மாட்டிக்கொள்கின்றன. உங்கள் சாறு உள்ளே போகாததுதான் காரணமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாலிமிக்சின் பி நோனாபெப்டைட் வெளிச்சவ்வைத் தளர்த்தும், தானாக அவ்வளவாகக் கொல்லாது. அதைச் சிறிதளவு சேர்த்து எம்ஐசி பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால், பொருளில் சக்தி இருக்கிறது, வாசல்தான் அடைத்திருக்கிறது என்று தெரியும். உங்கள் ப்ராஜெக்டில் நான் ஆசையாகப் படிக்கக்கூடிய பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

---

மெல்லடுக்கு:

தாவர வேதியியல் பக்கத்திலிருந்து வருகிறேன். மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கடுக்காயை எடுத்ததுமே எனக்கு எழும் முதல் கேள்வி டானின். கடுக்காய்த் தோலில் டானின் கொட்டிக் கிடக்கிறது: செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் வகையறா. டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்டீரியா பட்டினியில் நின்றுவிடும். தட்டில் பார்த்தால் அழகான வளையம். ஆனால் அதே டானின் மனிதச் செல்லின் புரதத்தையும் விடாது. ஆகவே சாற்றில் ஒரு பங்கைப் பாலிஅமைட் தூள் வழியாக ஓடவிட்டு, டானினை நீக்கிய பின் மறுபடி சோதியுங்கள். வேலை முழுவதும் காணாமல் போனால் உங்கள் கதாநாயகன் யார் என்று தெரிந்துவிடும்.

கடுக்காயிலிருந்து எம்ஆர்எஸ்ஏ-வுக்கு எதிரான பொருட்களாகக் காலிக் அமிலத்தையும் எத்தில் காலேட்டையும் ஏற்கெனவே பிரித்தெடுத்திருக்கிறார்கள். நீங்கள் எத்தனாலில் ஊறவைத்திருக்கிறீர்கள். டானின் உடைந்து எத்தனாலோடு சேர்ந்தால் எத்தில் காலேட் உங்கள் குடுவையிலேயே உருவாகலாம். அசிட்டோன்-தண்ணீர் கலவையில் ஒரு சாறு எடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் டிஎல்சி தட்டில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லடுக்குத் தட்டு) ஓட்டினால் தெரியும்.

டிஎல்சி ஓட்டுகிறீர்கள் என்றால் பயோஆட்டோகிராபியும் செய்துவிடுங்கள். தட்டின் மேல் ஸ்டாஃப் கலந்த மென்மையான அகாரை ஊற்றி ஒரு இரவு வைத்து, எம்டிடி என்ற சாயம் தெளிக்க வேண்டும். உயிரோடு இருக்கிற இடம் ஊதா ஆகும். எந்தப் புள்ளி வெளுத்துத் தெரிகிறதோ அங்கேதான் வேலை செய்யும் பொருள். செலவு குறைவு, கண் முன்னால் விடை.

எப்படிச் சாறு எடுத்தோம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆர்டெமிசினினை நினைத்துப் பாருங்கள். அது பாக்டீரியாவுக்கு இல்லை, மலேரியா ஒட்டுண்ணிக்கு. ஆனால் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தபோது பலன் நிலைக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சீன விஞ்ஞானி து யூயூ குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு எடுத்த பிறகுதான் அந்தச் செடி கைகொடுத்தது. 2015-இல் நோபல் பரிசு வந்தது. உங்கள் நொச்சியையும் வெறும் எத்தனாலோடு நிறுத்தாமல் ஹெக்சேனில் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

அப்புறம், செடியைத் தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி அடையாளம் உறுதி செய்து, ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) மாதிரி வைத்து எண் வாங்கினீர்களா? இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள்.

---

வேர்_தேடி:

நான் மூலிகை ஆர்வலன், ஆய்வகக்காரன் இல்லை. மெல்லடுக்கு சொல்வதில் எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. புள்ளி புள்ளியாகப் பிரித்து, எது வேலை செய்கிறது என்று ஒன்றைத் தனியாக எடுக்கப் போனால், சேர்ந்திருந்தபோது இருந்த சக்தி போய்விடாதா? 2015-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 10-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்றிலிருந்து கண் மருந்தைச் செய்து பார்த்தார்கள். பூண்டு, வெங்காயக் குடும்பத்தில் இன்னொன்று, திராட்சை மது, மாட்டின் பித்தநீர். சேர்த்து ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அது எம்ஆர்எஸ்ஏ-வைக் கொன்றது. பொருட்களைத் தனித்தனியாகப் போட்டபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை. செடி தன்னைக் காத்துக்கொள்வதே கூட்டாகத்தானே?

---

அரை_மெக்ஃபார்லண்ட்:

வேர்_தேடி, உங்கள் ஆட்சேபம் நியாயமானது. அதற்கு இன்னும் வலுவான சான்றும் இருக்கிறது. பெர்பெரின் என்கிற மஞ்சள் ஆல்கலாய்டைத் தயாரிக்கும் பெர்பெரிஸ் செடிகள் உண்டு. பெர்பெரின் தனியாக ஸ்டாஃபில் சரியாக எடுபடாது, பாக்டீரியாவின் நோர்-ஏ பம்பு அதை வெளியே துப்பிவிடும். அதே செடிகள் 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளையும் தயாரிக்கின்றன. அதற்கென்று கொல்லும் சக்தி கிடையாது, ஆனால் நோர்-ஏ-வை அடைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் உள்ளே தங்கிக் கொல்கிறது. 2000-இல் இதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு கச்சாச் சாற்றை அலட்சியமாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் கவனியுங்கள், பிரித்துப் பார்த்ததால்தான் இந்தக் கூட்டு வெளியே தெரிந்தது. முழுச் சாறாகவே வைத்திருந்தால் எந்த இரண்டு பொருள் கைகோத்தன என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த பருவத்தில் பறித்த செடியில் அந்த இரண்டும் அதே விகிதத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்கவும் வழி இருந்திருக்காது. தாவரச் சாற்றை ஒரே மூலக்கூறாகப் பிரிக்காமல் மருந்தாக அனுமதித்த உதாரணங்களும் உண்டு: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006-இல் பச்சைத் தேயிலைச் சாற்றுக் களிம்பைப் பிறப்புறுப்பு மருக்களுக்கு அனுமதித்தது, 2012-இல் குரோட்டன் மரப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலமரை எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்கு. இரண்டிலும் ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி இருப்பதைக் காட்டித்தான் உள்ளே வந்தார்கள். ரத்தத்தில் பரவிய பாக்டீரியாத் தொற்றுக்கு அப்படி ஒரு சாறு இன்னும் வரவில்லை.

---

வார்டு_ரவுண்ட்ஸ்:

தொற்றுநோய்ப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். அகார்_வாசி கேட்ட கேள்வியில் வீட்டில் ஒருவர் அவதிப்பட்ட கதை இருப்பதால் எழுதுகிறேன்.

2019-இல் மட்டும் மருந்தெதிர்ப்பு நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022-இல் லான்செட்டில் வந்த மதிப்பீடு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 பட்டியலில் கார்பபெனெமுக்கு அடங்காத அசினெட்டோபாக்டரும் க்ளெப்சியெல்லா வகையறாவும் மிக அவசரமான பிரிவில் இருக்கின்றன, எம்ஆர்எஸ்ஏ அதற்கு அடுத்த பிரிவில். அதாவது உங்கள் சாறு எடுபடாத பாக்டீரியாதான் எங்களுக்கு அதிகம் வலிக்கிற இடம். அங்கே 9 மி.மீ. வந்தது தோல்வி என்று மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். எடுபடாத செடிகளின் விவரம் வெளியே வருவதே இல்லை. அதனால் அடுத்தவர் அதே செடியை மறுபடி அரைக்கிறார்.

மாற்று என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். சர்க்கரை நோயாளி ஒருவர், பாதத்தில் எம்ஆர்எஸ்ஏ புண். பச்சிலையை அரைத்துக் கட்டினால் சரியாகும் என்று யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். வந்தபோது எலும்பு வரை போயிருந்தது, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அரைத்த இலை கிருமிநீக்கம் செய்யப்பட்டது இல்லை. மண்ணிலிருந்து வந்த க்ளாஸ்ட்ரிடியம் வித்துகள் அதில் இருக்கலாம். இதற்காக மூலிகை ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் எனக்குத்தான் இழப்பு. ஆனால் உங்கள் முடிவுரையை அந்த நோயாளியின் மகன் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

எனக்குப் பயன்படக்கூடிய இடங்கள் எவை என்று கேட்டால்: தோல்மேல் போடும் களிம்பு, காயத்தைக் கழுவும் நீர், கருவிகள் மேல் படியும் பயோஃபிலிம் (பாக்டீரியாப் படலம்). அங்கெல்லாம் அதிக அடர்த்தி வைக்க முடியும், ரத்தத்தில் கரைய வேண்டிய கட்டாயம் இல்லை. அதைவிட முக்கியமாக, பழைய ஆன்டிபயாட்டிக் ஒன்றை மறுபடி வேலை செய்ய வைக்கும் துணை. அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் கைகூப்பி வாங்கிக்கொள்வேன்.

---

அகார்_வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாற்று மருந்து, சிப்ரோவை விட வலிமையானது என்ற இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். எம்ஐசி முதல் சுற்று முடிந்தது: எம்ஆர்எஸ்ஏ மீது கடுக்காய் மில்லிக்கு 512 மைக்ரோகிராம் என்று படித்தேன். ஆனால் குழிகள் கலங்கலாக இருக்கின்றன, வளர்ச்சியா சாறா என்று தெரியவில்லை. உயிருள்ள பாக்டீரியா இருந்தால் இளஞ்சிவப்பாகும் ரெசாசுரின் சாயம் சேர்த்தேன், பாக்டீரியா இல்லாத குழியும் இளஞ்சிவப்பாக மாறியது! மருத்துவர் சொன்ன துணை மருந்து யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. இந்தச் சாற்றை வைத்து அதை எப்படிச் சோதிப்பது, எந்த ஆன்டிபயாட்டிக்கோடு?

---

அரை_மெக்ஃபார்லண்ட்:

கலங்கலுக்கும் இளஞ்சிவப்புக்கும் டானின்தான் காரணமாக இருக்க வேண்டும். பிராத்தில் உள்ள புரதத்தோடு சேர்ந்து படியும், ரெசாசுரினையும் தானே ஒடுக்கிவிடும். ஆகவே இந்தச் சாற்றுக்குக் கண்ணையும் சாயத்தையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, நீர்க்கச் செய்து, சாறு இல்லாத அகாரில் போட்டுக் காலனிகளை எண்ணுங்கள். தொடங்கிய எண்ணிக்கையில் 99.9 சதவீதம் போய்விட்டதென்றால் அது கொல்லும் அளவு. வெறுமனே பெருகாமல் நின்றிருந்தால் தடுக்கும் அளவு. அதைச் செய்து முடிக்கும்வரை 512 என்பதைப் பென்சிலில் எழுதி வையுங்கள்.

துணைச் சோதனைக்குப் பெயர் செக்கர்போர்டு. பிளேட்டில் இடமிருந்து வலமாக ஆன்டிபயாட்டிக் பாதி பாதியாகக் குறையும், மேலிருந்து கீழாகச் சாறு குறையும். ஒரு பத்தியில் சாறு மட்டும், ஒரு வரிசையில் மருந்து மட்டும். உதாரணத்துக்கு, தனியாக 512 தேவைப்பட்ட சாறு, கூட்டில் 64-லேயே போதும் என்றால் 0.125. தனியாக 32 தேவைப்பட்ட மருந்து கூட்டில் 4 போதும் என்றால் அதுவும் 0.125. கூட்டினால் 0.25. இந்த எஃப்ஐசி குறியீடு 0.5 அல்லது கீழே வந்தால்தான் கூட்டுவலிமை என்று எழுதலாம். 0.5-க்கும் 4-க்கும் நடுவே என்றால் ஒன்றும் நடக்கவில்லை, 4-ஐத் தாண்டினால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. கெடுப்பதும் நடக்கும், அதையும் எழுத வேண்டும்.

மருந்தாக மெத்திசிலின் வகையைச் சேர்ந்த ஆக்சசிலினை எடுங்கள். எம்ஆர்எஸ்ஏ அடங்காததற்குக் காரணமே மெக்ஏ மரபணு தரும், இந்த வகை மருந்து சரியாக ஒட்ட முடியாத பிபிபி2ஏ என்கிற புரதம். தேயிலையின் எபிகேட்டெகின் காலேட் போன்ற பொருட்கள் எம்ஆர்எஸ்ஏ-வின் ஆக்சசிலின் எம்ஐசி-யை வெகுவாகக் கீழே இறக்குகின்றன. கடுக்காயின் பொருட்களும் அதே காலோயில் (காலிக் அமிலப் பகுதி கொண்ட) கூட்டம் என்பதால் கேட்க வேண்டிய கேள்விதான். பிராத்தில் 2 சதவீதம் உப்பு சேர்த்து, 35 டிகிரிக்கு மேல் போகாமல், முழுதாக 24 மணி நேரம் வையுங்கள். சீக்கிரம் எடுத்தால் எதிர்ப்பு முழுதாகத் தெரியாது. நேரம் இருந்தால் சிப்ரோவோடு மிளகின் பைப்பரினையும் ஒரு பிளேட் ஓட்டுங்கள். பைப்பரின் நோர்-ஏ-வைத் தடுப்பது தெரிந்த விஷயம், உங்கள் முறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல கண்ட்ரோல். உங்கள் ஸ்ட்ரெய்னில் சிப்ரோ எதிர்ப்பு, அந்த மருந்து தாக்கும் ஜைரேஸ் என்சைமின் மாற்றத்தால் வந்திருந்தால் பம்பை அடைத்தாலும் ஓரளவுக்குத்தான் இறங்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

டானின் நீக்கிய சாற்றையும் அதே நாளில் அதே கல்ச்சரில் ஓட்டுங்கள். கூட்டில் எந்த அடர்த்தி வேலை செய்கிறதோ, அதே அடர்த்தியில் ஆய்வகத்தில் வளர்க்கும் வீரோ (குரங்குச் சிறுநீரக) செல்லோ எச்இகே 293 (மனிதச் சிறுநீரக) செல்லோ எவ்வளவு பிழைக்கிறது என்று எம்டிடி-யில் பார்க்க வேண்டும். செல் கல்ச்சர் வசதி இல்லையென்றால் குறைந்தபட்சம் சிவப்பணுச் சிதைவுச் சோதனை. எண்கள் வந்ததும் வளர்ச்சிக் கண்ட்ரோல் எண்ணிக்கையோடு சேர்த்து இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.